கை தட்டாதீர்கள்: பறவைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான். விடிவதற்கு முன்பே எழுந்து, கனத்த லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் காத்துக்கிடந்த காலைகள் எனக்கும் நிறைய உண்டு. அதனால் இதை எட்ட நின்று குறை சொல்பவனின் கடிதமாக எண்ண வேண்டாம். உங்களோடு சேர்ந்து ஒரு தவற்றைச் செய்தவன் எழுதும் கடிதம் இது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஆழமில்லாத ஓர் உப்பங்கழி. கரையில் நாங்கள் ஏழு பேர். எதிரே முந்நூறு, நானூறு பூநாரைகள் (ஃபிளமிங்கோ) தலையை நீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. மேயும் பூநாரை தொலைவிலிருந்து பார்த்தால் வெளிறிய வெள்ளையாகத்தான் தெரியும். அந்தக் குங்குமச் சிவப்பும் கரிய ஓரமும் சிறகை விரித்தால்தான் வெளியே வரும். எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்தச் சிவப்பு. எங்களை அழைத்துப் போனவர் "எல்லாரும் ரெடியா?" என்று கேட்டார். பிறகு இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார்.

நானூறு கழுத்துகளும் ஒரே நொடியில் நிமிர்ந்தன. அடுத்த நொடி நீர்மேல் ஓட்டம். பூநாரையால் கொக்கைப் போல நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. நீரை மிதித்துக்கொண்டே பல அடி ஓடித்தான் காற்றில் ஏற வேண்டும். அந்த ஓட்டமும் தெறிக்கும் நீரும் விரியும் சிவப்புமாக எங்கள் கேமராக்கள் ஓயாமல் சொடுக்கிக்கொண்டிருந்தன. படம் அருமையாக வந்தது. கை தட்டியவரைத் தடுக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

மற்றவர்கள் கேமராத் திரையில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நீருக்குள் இறங்கி, அவை நின்ற இடம்வரை நடந்தேன். கலங்கல் மெல்ல அடங்கியதும் அடியில் வட்ட வட்டமாகத் தடங்கள் தெரிந்தன. நடுவில் கொஞ்சம் மேடு, சுற்றிலும் மிதித்துக் குழைத்த பள்ளம். அலகை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிக் காலால் சேற்றைக் கிளறி, மேலே கிளம்பி வருவதை வடித்து உண்ணும்போது பூநாரை விட்டுப்போகும் தடம் அது. சில வட்டங்கள் பாதியில் நின்றிருந்தன. பந்தியில் உட்கார்ந்தவர்களை இலையிலிருந்து எழுப்பி விரட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகுதான் இந்தப் பறவையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் என்னை மாற்றியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அது சாப்பிடும் விதம். பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து உண்கிறது. அப்போது மேல் அலகு கீழாகவும் கீழ் அலகு மேலாகவும் ஆகிவிடும். கீழ் அலகு ஒரு தொட்டி போலப் பருத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் தடித்த, சதைப்பற்றான நாக்கு ஒன்று கிடக்கிறது. அந்த நாக்கு முன்னும் பின்னுமாக ஓடி, பம்பு போல நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற வரிசைகள். நீரும் சேறும் அவற்றின் வழியே போய்விடும், இரை தங்கிவிடும். பூநாரைகளில் பெரும் பூநாரை என்ற வகைக்கு உப்புநீர்ச் சிற்றிறால்கள், பூச்சிப் புழுக்கள், சின்ன நத்தைகள், நீர்ச்செடி விதைகள். சிறு பூநாரை என்ற இன்னொரு வகையின் சல்லடை இன்னும் நுண்ணியது. கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசியைக்கூட வடித்தெடுத்துவிடும்.

2025-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் இதில் இன்னொரு நுட்பத்தைக் கண்டு சொன்னார்கள். பூநாரை நீரை வெறுமனே வடிகட்டவில்லை, நீருக்குள் சுழல்களை உண்டாக்கி இரையைப் பொறி வைத்துப் பிடிக்கிறது என்று. தலையை நொடிக்குச் சுமார் 40 செ.மீ. வேகத்தில் சடக்கென்று மேலே இழுக்கும்போது அடியிலிருந்து ஒரு குட்டிச் சூறாவளி கிளம்பி இரையை மேலே கொண்டுவருகிறது. அலகை நொடிக்கு 12 தடவை படபடவென்று அடிக்கும்போது இன்னொரு சுழல். விரல்களுக்கிடையே தோல் உள்ள அந்தப் பாதம் மடிந்து விரிந்து எழுப்பும் சுழல் வேறு. நமக்கு மந்தமாக, சும்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதாகத் தெரியும் பறவை, நீருக்கடியில் இவ்வளவு வேலை செய்துகொண்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள ஓர் உடம்பு. கிடைக்கும் இரையோ அரிசி நொய்யைவிடச் சிறியது. ஒரு வேளையில் வயிறு நிறையும் சங்கதியே இல்லை. பகலில் பல மணிநேரம், பல இடங்களில் இரவிலும் உண்டுதான் அது உயிர் பிடித்து நிற்கிறது. அந்த நேரத்தில் எழுப்பி விட்டால் இரட்டை நட்டம்: உண்ணாமல் போனது ஒன்று, ஓடி எழும்பிப் பறந்ததில் செலவழிந்தது இன்னொன்று. மெக்சிகோவின் செலஸ்துன் கழியில் சுற்றுலா மோட்டார் படகுகள் பூநாரைகளை என்ன செய்கின்றன என்று ஆய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வந்தது. படகு நெருங்கியபோது அவை இரை தேடும் நேரம் வெகுவாகக் குறைந்தது. கழுத்தை நிமிர்த்தி எச்சரிக்கையோடு நிற்கும் நேரம் கூடியது. அங்கே இருந்தவர்களில் பலர் அந்தப் பறவைகளை நேசித்து, காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நம்மைப் போல.

என்னை உலுக்கியது இதற்கடுத்த செய்தி. நாம் கை தட்டிக் கேட்கும் அந்தச் சிவப்பு இருக்கிறதே, அது முழுக்க முழுக்க அந்தப் பறவை உண்ட உணவு. பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளை உடல் மாற்றி இறகில் சேர்த்து வைக்கிறது. பிறக்கும் குஞ்சு சாம்பல் நிறம். முழு நிறம் வர இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். இயல்பான உணவு கிடைக்காத உயிரியல் பூங்காப் பறவைகள் வெளுத்துப்போய், பிறகு நிறமி கலந்த தீனி கொடுத்துத்தான் தேறின. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது பெரும் பூநாரை தன் வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து நிறமி கலந்த நெய்யை எடுத்துக் கழுத்திலும் மார்பிலும் பூசிக்கொள்கிறது என்று ஸ்பெயினில் பார்த்து 2010-ல் எழுதினார்கள். அதாவது அந்தச் சிவப்பு பல நூறு மணிநேர மேய்ச்சலின் சேமிப்பு. மேய்ச்சலைக் கலைத்துவிட்டுச் சிவப்பைப் படம் எடுக்கிறோம் நாம்.

குஞ்சு வந்த பிறகு அந்தச் சேமிப்பும் கரைகிறது. தாயும் தந்தையும் இருவருமே தொண்டையிலும் தீனிப்பையிலும் ஒருவகைப் பாலைச் சுரந்து, அலகு வழியே சொட்டுச் சொட்டாகக் குஞ்சின் வாயில் விடுகின்றன. அந்தப் பால் சிவப்பாக இருக்கும். பார்த்தவர்கள் இரத்தம் என்று பதறியதுண்டு. ஊட்டி ஊட்டி, பெற்றோர் வெளுத்துப் போய்விடுவது கண்கூடு. குஞ்சின் அலகோ முதலில் நேராகத்தான் இருக்கும். வளைந்து, சல்லடை முற்றித் தானே உண்ணப் பல வாரம் ஆகும். அதுவரை அந்தப் பாலை விட்டால் வேறு வழியில்லை.

கூட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் சிலர் கூடு வைக்கும் இடங்களையும் தேடத் தொடங்கிவிட்டீர்கள். சேற்றை அலகால் இழுத்து இழுத்து, சில சமயம் ஓர் அடி உயரம்வரை மேடு கட்டி, உச்சியில் குழி வைத்து, ஒரே ஒரு முட்டை இடும். ஒன்றுதான். நீர் ஏறினாலும் முட்டை நனையாது, தரை கொதித்தாலும் மேலே அவ்வளவு சூடு இருக்காது. ஏறக்குறைய ஒரு மாதம் இருவரும் மாறி மாறி அடைகாக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மேடுகள் அடுத்தடுத்து. ஓர் ஓரத்தில் பீதி கிளம்பினால் அது கூட்டம் முழுவதும் பரவும். பறவை எழுந்து நின்ற அந்தச் சில நொடிகள் போதும், கடற்காகங்கள் முட்டையைத் தூக்கிப் போக. தொந்தரவு தொடர்ந்தால் கூட்டமே மொத்தமாகக் கைவிட்டுப் போய்விடும். அந்த ஆண்டு அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் காம்ஃபர்ஸ் அணை நீர்நிலையில் 2019 ஜனவரியில் சிறு பூநாரைகள் அப்படி விட்டுப் போனபோது சுமார் 2,000 குஞ்சுகளை மனிதர்கள் பொறுக்கியெடுத்துக் கையால் வளர்க்க வேண்டியிருந்தது. அங்கே காரணம் நீர் வற்றியது, படம் எடுப்பவர்களை நான் குற்றம் சாட்டவில்லை. பெற்றோர் ஒருமுறை கிளம்பிவிட்டால் பின்னால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இவ்வளவு பயந்த சுபாவம் இருப்பதால்தான் அவை யாரும் வர முடியாத இடமாகத் தேடிப் போய்க் கூடு வைக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு பூநாரைகளுக்கு முதன்மையான பிறப்பிடம் தான்சானியாவின் நாட்ரான் ஏரி. தோலைப் பொசுக்கும் சோடா உப்பு நீர். 1950-களில் லெஸ்லி பிரவுன் என்ற பறவையியலாளர் கூட்டங்களை அருகே போய்ப் பார்க்க அந்தச் சோடாச் சேற்றில் நடந்து, கால்கள் வெந்து மருத்துவமனையில் கிடந்தார். குஜராத்தின் கட்ச் பெரும் ரண்ணின் நடுவே லட்சக்கணக்கான பூநாரைகள் கூடு வைத்திருந்ததை 1945-ல் பறவையியலாளர் சாலிம் அலி போய்ப் பார்த்து எழுதினார். அதுவும் உப்பும் சேறுமாக, ஆள் நடமாட்டமே இல்லாத வெளி. நரியும் மனிதனும் கால் வைக்க முடியாத இடம் என்பதுதான் அவற்றுக்கு வேலி. இன்று அந்த வேலியை ட்ரோன் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலிருந்து பார்த்தால் நீலத்தில் சிந்திய இளஞ்சிவப்பு போல எவ்வளவு அழகு என்பது எனக்கும் தெரியும். ஆனால் பறவையின் கண்ணுக்கு மேலே மிதந்து வரும் எதுவும் கழுகுதான். 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் போல்சா சிக்கா காப்பகத்தில் ஒரு ட்ரோன் விழுந்தது. அங்கே கூடு வைத்திருந்த ஆலாக்கள் சுமார் 1,500 முட்டைகளை அப்படியே விட்டுப் பறந்துபோயின. ஆலாவும் பூநாரையைப் போலவே திறந்த தரையில், கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கும் பறவை. கூடு வைக்கும் இடத்தின் மேல் ட்ரோன் எந்த உயரத்திலும் வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

"ஒருமுறை கலைந்தால் என்ன, மறுபடி வந்து உட்காராதா?" என்று கேட்பீர்கள். அன்று நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வரும், பெரும்பாலும் வரும். ஆனால் அந்தக் கரைக்கு வருவது நம் ஏழு பேர் மட்டும்தானா? நமக்கு முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், விடுமுறை நாளென்றால் இன்னும் நாலு. ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறைதான் கை தட்டுகிறார்கள்.

இது நீண்டநாள் வாழும் பறவை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு உயிரியல் பூங்காவில் இருந்த ஒரு பெரும் பூநாரை 2014-ல் இறந்தபோது அதற்குக் குறைந்தது 83 வயது. பிரான்சின் கமார்க் பகுதியில் 1977 முதல் காலில் வளையம் மாட்டிக் கவனித்துவருகிறார்கள். அங்கே பூங்காவில் அல்ல, இயற்கையில் வாழ்ந்தே 40 வயதைத் தாண்டியவை உண்டு. நெடுநாள் வாழ்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. இப்படிப்பட்ட பறவை மெதுவாகத்தான் பெருகும்: பருவமடையச் சில ஆண்டுகள், பிறகு ஆண்டுக்கு ஒரு முட்டை, நீர் சரியில்லாத ஆண்டில் அதுவும் இல்லை. நன்றாக அமைந்த ஓர் ஆண்டை நாம் கெடுத்துவிட்டால் அதற்கு ஈடு அடுத்த ஆண்டிலேயே கிடைத்துவிடாது. உலகில் உள்ள ஆறு வகைப் பூநாரைகளில் பெரும் பூநாரையும் அமெரிக்கப் பூநாரையும் தவிர மற்ற நான்கும் அழிவை நெருங்கும் நிலையிலோ அதற்கும் மோசமான நிலையிலோ பட்டியலிடப்பட்டிருக்கின்றன.

அவை ஒன்றையொன்று அறியாத வெறும் கும்பலும் அல்ல. இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் நீர்ப்பறவைக் காப்பகத்தில் வளரும் பூநாரைகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிட்ட சில பறவைகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்தே நின்றதைப் பதிவு செய்தார்கள். இணைகள் மட்டுமல்ல, நட்பு என்றே சொல்லத்தக்க சேர்க்கைகளும் இருந்தன. வேண்டாத பறவையை விட்டு விலகி நிற்பதும் உண்டாம். இதைப் படித்த பிறகு ஒரு கூட்டத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. யார் பக்கத்தில் யார் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். நீங்களும் தேடிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

சரி, அந்தச் சிவப்பு வேண்டாமா என்றால், வேண்டும். அதைத் தானாகவே தரும் பறவை இது. இணைசேரும் காலத்துக்குப் பல வாரங்கள் முன்பே கூட்டம் ஆடத் தொடங்கிவிடும். கழுத்தை விறைப்பாக நீட்டி, தலையை இடமும் வலமும் வெட்டி வெட்டித் திருப்பும்; ஒன்று ஆரம்பித்தால் பக்கத்தில் உள்ளது பிடித்துக்கொள்ளும். நெருக்கியடித்துக்கொண்டு ஒரே திசையில் அணிவகுத்து நடந்து, சட்டென்று எல்லாம் சேர்ந்து திரும்பும். நடுவே ஒரு பறவை இரண்டு சிறகையும் முழுக்க விரித்துச் சில நொடி அப்படியே நிற்கும். குங்குமம், கருமை, இரண்டும் முழுசாக, தரையிலேயே! கை தட்டி விரட்டியபோது கிடைத்ததைவிட எத்தனையோ மடங்கு தெளிவான படம் அது. ஓடும் முதுகுக்குப் பதிலாக முகத்தோடு கிடைக்கும். இந்த ஆட்டத்துக்குக் கூட்டம் பெரிதாக இருப்பது முக்கியம். சிறு கூட்டங்கள் இனப்பெருக்கம் செய்யத் தயங்கியதால் சில உயிரியல் பூங்காக்களில் கண்ணாடி வைத்துக் கூட்டத்தைப் பெரிதாகக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். கூட்டத்தைச் சிதறடிப்பது எதைக் கெடுக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் மாலைவரை இருங்கள். பூநாரைகள் தொலைதூரம் போவது பெரும்பாலும் இரவில். பொழுது சாயும் நேரத்தில் தாமே கிளம்பும். கிளம்பும் முன் சத்தம் மாறும், வாத்துக்கூட்டம் போல ஓயாத பேச்சாகும். வரிசை கட்டி ஓடி எழும்பும். அந்த ஒளியில் அந்தச் சிறகு. ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும், சில நாள் ஏமாந்தும் திரும்ப வேண்டும். நான் பலமுறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று மீட்டர் கணக்கில் என்னால் சொல்ல முடியாது. நீரின் ஆழம், காற்று, அந்தக் கூட்டம் முன்பு பட்ட அனுபவம் என்று இடத்துக்கு இடம் மாறும். பறவையே சொல்லும், அதைக் கேட்டால் போதும். ஒன்றிரண்டு தலைகள் நீரிலிருந்து எழுந்து நம் பக்கம் நிலைத்துப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பல கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம்; மெல்லப் பின்வாங்குங்கள். கூட்டம் நெருக்கமாகிக்கொண்டு எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தால், பறக்கவில்லையே என்று தொடர்ந்து போகாதீர்கள். அந்த நடையே ஓட்டம்தான், கொஞ்சம் மரியாதையான ஓட்டம். ஒற்றைக் காலில், தலையை முதுகில் செருகி உறங்குபவற்றையும் அப்படியே விடுங்கள். "சும்மா நிக்குது, போரா இருக்கு" என்று கல் எறிந்தவரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைக்கால் நிலைக்குத் தசையின் உழைப்பே தேவையில்லை, உடலின் எடையே மூட்டைப் பூட்டி நிறுத்திவிடுகிறது என்று 2017-ல் கண்டறிந்தார்கள். இரவெல்லாம் பறந்தும் மேய்ந்தும் வந்த பறவைக்கு அதுதான் ஓய்வு.

குழுக்களை அழைத்துச் செல்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பிழைப்பு எனக்குப் புரிகிறது. காசு கொடுத்து வந்தவருக்கு "நல்ல ஷாட்" கிடைக்காவிட்டால் அடுத்தமுறை வேறொருவரிடம் போய்விடுவார் என்ற பயம் நியாயமானது. ஆனால் கிளம்பும் முன்பே, "பறவையை எழுப்ப மாட்டோம், மாலைவரை காத்திருப்போம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். வருபவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அன்று எங்களை அழைத்துப் போனவர் அப்படிச் சொல்லியிருந்தால் ஏழு பேரும் தலையாட்டியிருப்போம். எங்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை.

படப் போட்டி நடத்துபவர்களுக்கும் நடுவர்களுக்கும்: மிரண்டு எழும்பும் கூட்டத்தைக் கண்டுபிடிப்பது உங்களுக்குக் கடினமில்லை. தாமாகக் கிளம்பும் பறவைகள் வரிசை வரிசையாகப் போகும். விரட்டப்பட்டவை எல்லாத் திசையிலும் தெறித்து, ஒன்றன்மேல் ஒன்று மோதுவது போல எழும். சந்தேகம் வந்தால் படம் எடுத்தவரிடம் கேளுங்கள், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வாங்கிப் பாருங்கள். அப்படிப்பட்ட படங்களுக்குப் பரிசு நின்றால் கை தட்டுவதும் பாதி நின்றுவிடும்.

மற்ற எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். இனி பூநாரைப் படம் ஒன்றைப் பகிரும்போது, எந்த லென்ஸ், எந்த ஷட்டர் வேகம் என்று எழுதுகிறோமே, அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதுங்கள்: எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, நீங்கள் கிளம்பும்போது பறவைகள் என்ன செய்துகொண்டிருந்தன. என் பழைய படத்துக்குக் கீழே நேற்று அதை எழுதினேன். "சுமார் 60 மீட்டர். கை தட்டி எழுப்பியது. நாங்கள் கிளம்பும்போது அங்கே ஒரு பறவையும் இல்லை."

அன்புடன்,
உங்களில் ஒருவன்